கழுவக் கழுவக் கீறல்

தூசி படிந்து நிற்கும் காரின் பூட் மூடியில் யாரோ ஒரு பையன் விரலால் ‘கழுவு’ என்று எழுதிவிட்டு ஓடுகிறான். ஞாயிற்றுக்கிழமை காலை கார் கழுவப்படுகிறது; தூசியோடு எழுத்தும் போய்விடுகிறது. ஒரு வாரம் கழித்து, மாலை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் வீட்டுக்காரர் சாவியோடு வெளியே வருகிறார். அதே இடத்தில், அதே கையெழுத்தில், ‘கழுவு’ மங்கலாகத் தெரிகிறது.

பையனின் விரலுக்கும் பெயின்டுக்கும் நடுவில் மாட்டிய மணல் எழுதிய எழுத்து அது. சவுக்காரம் போட்டாலும் போகாது.

இந்த விளையாட்டு எந்த ஊரிலும் நடக்கும். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள பத்து காஜா ஊரில் அதற்கு விலை கொஞ்சம் கூடுதல். ஊரைச் சுற்றியுள்ள நிலத்தில் பெரும்பகுதி ஒரு காலத்தில் ஈய லம்பம், அதாவது சுரங்கம். ஊர் இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கு உலகின் வளமான ஈய வயல்களில் ஒன்றாகப் பெயர் எடுத்திருந்த நாள்களில், நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, அந்தச் சேற்றுக் குழம்பைப் பம்பு வைத்து மேலே ஏற்றி, ‘பாலோங்’ என்ற நீளமான மரச் சாய்தளத்தில் ஓடவிடுவார்கள். ஈயக்கல் தண்ணீரைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு கனம். மணல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். கனமானது குறுக்குக் கட்டைகளில் தங்கும்; மணலைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விடும். அப்படிப் போன மணல்தான் இன்று வீடமைப்புத் தாமான்களுக்கும் மீன் குளங்களுக்கும் பழத்தோட்டங்களுக்கும் இடையில் வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. தஞ்சோங் துவாலாங் சாலையில், 1938-இல் கட்டப்பட்ட 4,500 டன் ஈயம் தோண்டும் கப்பல் ஒன்று குளத்தில் நிற்பதைச் சுற்றுப்பயணிகள் இப்போதும் போய்ப் பார்க்கிறார்கள். ஈயம் போய்விட்டது. கழித்துப்போட்ட மணல் காற்றில் எழுந்து கார்மேல் வந்து உட்காருகிறது.

அந்த மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7. ஜன்னல் கண்ணாடிக்கே ஐந்தரைதான். நாம் ‘பெயின்ட்’ என்று தடவிப் பார்த்துப் பெருமைப்படும் பளபளப்போ, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தோல். இந்த மணலோடு சிம்பாங் பூலாய் பக்கத்துச் சுண்ணாம்புக் கல் மலைகளை உடைக்கும் குவாரிகளின் வெள்ளைத் தூசியும் சேர்ந்துகொள்கிறது. லோரிக்குப் பின்னால் பத்து நிமிடம் ஓட்டினால் கறுப்புக் கார் சாம்பல் நிறமாகிவிடும். நல்லவேளையாக, சுண்ணாம்புக் கல்லின் கடினம் 3. அது கீறுவதைவிடக் கறை வைப்பதில்தான் கெட்டிக்காரி.

ஆக, இந்த ஊரில் காரைக் கெடுப்பவர் மாதக்கணக்கில் கழுவாத சோம்பேறி இல்லை. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் கோழி இறகுத் தூசித்தட்டியாலும் காய்ந்த துணியாலும் நாலு தடவு தடவிவிட்டுப் போகும் சுறுசுறுப்புக்காரர்தான். அவர் தூசியைத் துடைப்பதாக நினைத்துக்கொண்டு, குவார்ட்ஸ் பொடியால் தன் காரைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்தத் தோலின் கனத்தைத் தெரிந்துகொண்டால் கை தானாகவே மெதுவாகும். இன்றைய கார்களில் தகட்டின்மேல் துரு தடுக்கும் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் நிறமே இல்லாத ‘கிளியர் கோட்’. நான்கும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். வெயிலையும் மழையையும் வாங்கிக்கொள்ளும் அந்தக் கடைசிப் படலம் மட்டும் 40, 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான். ஒரு முடி அளவுகூட இல்லாத அந்தப் படலம்தான் ஒன்பது வருட வங்கிக் கடன் முடியும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும்.

முன்பு இப்படி இல்லை. கார் பிறந்த புதிதில் குதிரை வண்டிக்குப் பூசிய வார்னிஷையே காருக்கும் பூசினார்கள். ஒரு வண்டிக்குப் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும். 1920-களில் அமெரிக்காவின் டியூபாண்ட் நிறுவனம் ‘டூக்கோ’ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பெயின்டைக் கொண்டுவந்தபிறகுதான் வேலை மணிக்கணக்குக்கு இறங்கியது, கண்ணைப் பறிக்கும் நிறங்களும் வந்தன. நிறத்தின்மேல் தெளிந்த தோல் போர்த்தும் முறை பரவலானது 1980-களில். அதற்கு முந்திய ஒற்றைப் பூச்சு வண்டிகளைப் பாலிஷ் போட்டவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது: சிவப்புக் காரைத் தேய்த்தால் துணியும் சிவப்பாகிவிடும். நிறமே தேய்ந்து வருகிறது என்று கண்ணுக்குத் தெரிந்ததால் கை நின்றது. இன்று கிளியர் கோட் தேய்ந்து வரும்போது துணியில் ஒன்றும் தெரிவதில்லை.

ரப்பர் தோட்டக் காலத்தில் இந்தக் கவலை நம்மவருக்கு இருந்ததில்லை, கார் தோட்டத் தொரையுடையது. கிராணியாருக்கு சைக்கிள், லயத்துத் தொழிலாளிக்கு நடை. கெல்லிஸ் காசலுக்குப் பக்கத்து மாரியம்மன் கோயில் கூரையில், அந்த மாளிகையைக் கட்டத் தொடங்கிய ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித்தும் தொப்பியோடு சாமிகளுக்கு நடுவில் நிற்கிறார். அப்படிப்பட்ட தொரைமார்களின் வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்துவது தமிழ் டிரைவருக்கு வேலை, சம்பளம்.

1985 அதை மாற்றிய வருடம். ஜூலை 9-ஆம் தேதி நாட்டின் முதல் சொந்தக் கார் புரோட்டோன் சாகா அறிமுகமானது. அதே வருடம் அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. விலை விழ, லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடின. ஒரே வருடத்தில் ஊரின் பழைய பிழைப்பு போனது, புதிய ஆசை வந்தது. ரப்பர் வெட்டிச் செம்பனை போட்டார்கள், தோட்டங்கள் கைமாறின, லயத்தை விட்டுத் தாமானுக்கு வந்த குடும்பங்கள் முதலில் ஒரு பழைய சாகாவையோ, 1994-இல் வந்த 660 சிசி கான்சிலையோ வாங்கின. வீட்டின் முன்னால் ஒரு போர்ச், அதில் ஒரு கார், ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கழுவும் அப்பா. இந்தக் காட்சிக்கு வயது நாற்பதை ஒட்டித்தான். தொரைக்காக அல்லாமல் தனக்காகக் கழுவிய முதல் தலைமுறை அது. அதனால்தான் அந்த அப்பாக்கள் அவ்வளவு அழுத்தித் தேய்த்தார்கள் போலும்.

இன்று பல வீடுகளில் அந்த ஞாயிறு ஒரு சின்ன வாக்குவாதத்தோடு தொடங்குகிறது. 

“அப்பா, அந்தக் கைலித் துணிய வைங்க. கீறும்.”

“டேய், சாகா ஓட்டுன காலத்துலருந்து இதாண்டா துணி. நீ நேத்து வீடியோ பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லிக் குடுக்காத லா.”

இருவரும் பாதி சரி. பழைய பருத்திக் கைலி மெத்தென்றுதான் இருக்கும். துணி குற்றவாளி இல்லை. ஆனால் பருத்தி மணலைத் தன் மேல்பரப்பிலேயே வைத்துக்கொண்டு இழுக்கும். பாலியெஸ்டரும் நைலானும் பிளந்து நெய்த மைக்ரோஃபைபர் துணி, மணலைத் தன் இழைகளுக்குள் வாங்கிக்கொள்ளும். மகனின் துணி நல்லது. ஆனால் அதே துணி தரையில் விழுந்து, உதறி, மறுபடி பானட்டில் ஏறினால் அப்பாவின் கைலியே மேல்.

அவர்கள் இருவரும் மறந்ததை பாலோங்கில் நின்றவர்கள் அறிந்திருந்தார்கள். அங்கே யாரும் மணலைத் தேய்க்கவில்லை. மணலைத் தண்ணீர்தான் கொண்டுபோனது. காருக்கும் அதேதான் முறை: எவ்வளவு மணலைத் தண்ணீரே எடுத்துப்போகிறதோ, அவ்வளவு கீறல் குறையும். கை கடைசியில்தான் படவேண்டும்.

எப்படி? காலை ஒன்பது மணிக்குள், நிழலில், பானட்டைத் தொட்டால் கை சுடாத நேரத்தில் தொடங்க வேண்டும். மத்தியான வெயிலில் நின்ற கார்த் தகடு அறுபது டிகிரியைத் தாண்டும். அதில் சவுக்கார நுரை கழுவுவதற்குள் காய்ந்து வரிவரியாய் ஒட்டிக்கொள்ளும். முதலில் டயரும் ரிம்மும், அதற்கென்று தனி ஸ்பாஞ்ச், தனி வாளி. பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் தூள் அங்கேதான் இருக்கிறது. அந்த ஸ்பாஞ்ச் கதவில் படவே கூடாது. பிறகு கூரையிலிருந்து கீழ்நோக்கி வெறும் தண்ணீர், நிதானமாக, இரண்டு மூன்று நிமிடம். இதுவரை கை படவில்லை.

அடுத்து இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு கலந்த நீர், மற்றொன்றில் வெறும் நீர். கையுறைத் துணியை ஷாம்பு வாளியில் தோய்த்து ஒரு கதவைக் கழுவியதும், நேரே ஷாம்பு வாளிக்குத் திரும்பக் கூடாது. வெறும் நீர் வாளியில் அலசி, மணலை அங்கே விட்டுவிட்டு, அப்புறம்தான் ஷாம்பு. வேலை முடிந்து அந்த இரண்டாம் வாளியின் அடியைப் பார்த்தால் ஒரு பிடி வெள்ளை மணல் படிந்திருக்கும். ஒற்றை வாளிக்காரர்கள் அதைத்தான் திரும்பத் திரும்பக் காரில் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வட்டம் வட்டமாகத் தேய்க்கும் பழக்கத்தையும் விடலாம். இரவில் பெட்ரோல் நிலைய விளக்கின் கீழ் காரைப் பார்த்தால் சிலந்தி வலைபோல் வளையங்கள் தெரியும். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் இருக்கின்றன. ஒற்றை விளக்கைச் சுற்றி, அதன் ஒளியைத் திருப்பும் கோணத்தில் இருப்பவை மட்டும் மின்னுவதால் வளையமாகத் தோன்றுகிறது. நேர்க்கோட்டில் துடைத்தால் ஒரு திசையில் நின்று பார்க்கும்போது மட்டும்தான் தெரியும். அவ்வளவுதான் லாபம், ஆனால் லாபம்தான். கீழ்ப்பகுதி, பம்பர், சக்கர வளைவு எல்லாம் கடைசி. அலசும்போது ஹோஸ் முனையைக் கழற்றிவிட்டு, தண்ணீரைக் கூரையில் மெல்ல வழியவிட்டால் அது ஒரே தாளாக இறங்கி, தன்னோடு சொட்டுகளையும் அள்ளிக்கொண்டு போகும். துடைப்பதற்கு மிச்சம் அதிகம் இருக்காது.

பாத்திரம் கழுவும் திரவத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பலர் கோபித்துக்கொள்வார்கள். அது பெயின்டை எரித்துவிடாது. எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்காகவே செய்தது என்பதால், மேலே இருக்கும் மெழுகையும் எண்ணெய் என்று நினைத்து எடுத்துவிடும். புதிதாக மெழுகு போடப்போகும் நாளில் அது உதவிதான். ஒவ்வொரு வாரமும் என்றால் மெழுகுக்குக் கொடுத்த காசு லொங்காங் சாக்கடையில் போகிறது.

பறவை எச்சம் தனிக் கதை. தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்திவிட்டு நிழல் கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறவர்கள் மாலையில் அதன் விலையைப் பார்ப்பார்கள். எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. அதைவிடப் பெரிய சேட்டை வெயிலில் நடக்கிறது: சூட்டில் கிளியர் கோட் இளகி விரிகிறது, எச்சம் காய்ந்து இறுகுகிறது, மாலையில் தோல் குளிர்ந்து சுருங்கும்போது எச்சத்தின் வடிவத்தைப் பதிய வைத்துக்கொள்கிறது. நகத்தால் சுரண்டினால் எச்சத்தில் உள்ள மண்ணும் விதையும் சேர்ந்து கீறும். ஈரமான டிஷ்யூவை அதன்மேல் போட்டு பத்து நிமிடம் ஊறவிட்டு அப்படியே தூக்கி எடுப்பதுதான் வழி. தார் புள்ளிக்குப் பழைய டிரைவர்களின் கைவைத்தியமான மண்ணெண்ணெய் இன்றும் வேலை செய்யும். எடுத்த உடனே அந்த இடத்தை ஷாம்பு போட்டுக் கழுவ வேண்டும். 1997, 2015, 2019 போலப் புகைமூட்டம் வந்த வருடங்களில் காரின்மேல் படியும் சாம்பலையும் துடைக்கக் கூடாது, அலசத்தான் வேண்டும்.

கழுவிய காரைத் தடவினால் வழவழப்பாக இருக்கிறதா? கையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு அதே இடத்தைத் தடவிப் பாருங்கள். பை விரல் நுனியின் உணர்வைக் கூட்டிவிடும். சொரசொரவென்று மணல்தாள்போல் தட்டும். பெயின்டில் குத்திக்கொண்டிருக்கும் இரும்புத் துகளும் பிசினும் அது. வாகனத் தொழிலில் இதற்கு ‘இரயில் தூசி’ என்றே பெயர், தண்டவாளத்தில் ஏற்றி வரும் புதுக் கார்களில் முதலில் கண்டதால். ஈடிஎஸ் ரயிலில் கோலாலம்பூருக்குப் போய்வருபவர்கள் பத்து காஜா நிலையத்தில் நாள்கணக்கில் விட்டுவைக்கும் கார்களைப் பார்க்கும்போது அந்தப் பெயர் ஞாபகத்துக்கு வரும். இதை எடுக்க ஜப்பானியர்கள் கண்டுபிடித்தது ‘கிளே’ என்ற பிசைந்த களிமண் போன்ற கட்டி. ஈரம் தெளித்து, வழுக்கவிட்டு, அழுக்கானால் மடித்துப் புதுப் பக்கம் திருப்பித் தடவ வேண்டும். கீழே விழுந்தால் குப்பைத் தொட்டிக்கு, யோசிக்கவே வேண்டாம்.

பாலிஷும் மெழுகும் ஒன்றென்று நினைப்பதுதான் பெரிய குழப்பம். பாலிஷ் எடுப்பது, மெழுகு போடுவது. பாலிஷிலும் காம்பவுண்டிலும் அலுமினிய ஆக்ஸைடு போன்ற நுண்ணிய தேய்ப்புப் பொடி இருக்கிறது. கீறலை அது நிரப்புவதில்லை. கீறலின் ஆழம்வரை சுற்றியுள்ள தோலைச் சீவிச் சமன் செய்கிறது. கிளியர் கோட் என்னும் சேமிப்புக் கணக்கிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு மைக்ரான் எடுப்பதுபோல. திரும்பப் போட வழியில்லை. தீபாவளிக்கு ஒருமுறை என்றால் தாங்கும். மாதம் ஒருமுறை காம்பவுண்ட் போட்டுக் கார் கண்ணாடிமாதிரி மின்னுகிறது என்று காட்டுபவரின் கூரை நாலைந்து வருடத்தில் உரிந்து வெள்ளைத் திட்டாவதைப் பார்க்கலாம். மஞ்சளித்த ஹெட்லைட்டுக்குப் பற்பசை போடுவதும் இதே கணக்கு: அதிலும் தேய்ப்புப் பொடிதான் இருக்கிறது, மஞ்சளோடு வெயிலைத் தடுக்கும் மேற்பூச்சையும் எடுத்துவிடுவதால் சில வாரத்தில் முன்பைவிட வேகமாக மஞ்சள் திரும்பும்.

இந்த இடத்தில் செராமிக் கோட்டிங் கடைகளின் ‘9எச்’ விளம்பரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வைரம் மோஸ் அளவில் 10, இது 9 என்று பலர் நினைத்துப் பணம் கட்டுகிறார்கள். அந்த 9எச் பென்சில் அளவுகோல். 9எச் பென்சிலால் கீறினால் தாங்கும் என்று பொருள், அவ்வளவே. நல்ல கோட்டிங் தண்ணீரை விரட்டும், கறையைத் தள்ளிவைக்கும், கழுவுவதை எளிதாக்கும். குவார்ட்ஸ் மணலிடம் அது தோற்கும். ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்துவிட்டு மறுநாள் காய்ந்த துணியால் துடைப்பவரைக் காப்பாற்ற எந்தக் கோட்டிங்காலும் முடியாது.

மெழுகுக்கு வருவோம். டப்பாவில் மஞ்சளாய் இருக்கும் நல்ல கார் மெழுகுகளின் உயிர் கார்னூபா. பிரேசிலின் வடகிழக்கு வறண்ட பகுதியில் வளரும் ஒரு விசிறிப் பனையின் ஓலையில் அது கசிகிறது. நீர் வற்றிவிடாமல் இருக்க மரம் தனக்குத் தானே பூசிக்கொள்ளும் மெழுகு. ஓலையை வெட்டிக் காயவைத்துத் தட்டினால் பொடியாக உதிரும். இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானவற்றில் ஒன்று, உருகுநிலை 82 முதல் 86 டிகிரி. சாக்லேட்டும் மாத்திரையும் பளபளப்பது இதே மெழுகால்தான். நாலு பக்கமும் செம்பனை சூழ்ந்த ஊரில், காருக்குப் பூசும் மெழுகு கடல் கடந்த இன்னொரு பனையிலிருந்து வருகிறது!

போடும்போது கஞ்சத்தனம் நல்லது. இருபது காசு நாணயம் அளவு எடுத்து ஒரு கதவு முழுக்கப் பரப்ப வேண்டும். பட்டும் படாமல் இருக்க வேண்டும். அப்பியது எல்லாம் துடைக்கத்தான் போகிறது. சில நிமிடத்தில் வெளிறிப் பனிபோல் படியும். விரலால் ஒரு கோடு இழுத்தால் ஒட்டாமல் சுத்தமாக வந்தால் துடைக்கலாம். கறுப்பு பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளைக் கறை பிடிவாதமாக நிற்கும். வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இந்தப் பக்கத்தில் ஒரு பூச்சு ஒன்றிரண்டு மாதம் நின்றாலே அதிகம். மழைச் சொட்டு உருண்டையாக நிற்பதை விட்டுப் பரந்து ஓடத் தொடங்கினால் மெழுகு முடிந்தது என்று அர்த்தம்.

தண்ணீரைப் பற்றிக் கேட்க யாருக்கும் பிடிக்காது. ஹோஸைத் திறந்துவிட்டால் நிமிடத்துக்குச் சுமார் 15 லிட்டர். அரை மணி நேரத்தில் 450 லிட்டர், ஒரு மலேசியர் சராசரியாக இரண்டு நாளில் பயன்படுத்தும் அளவு. இரண்டு வாளியும் கையில் அழுத்தினால் மட்டும் பாயும் ஹோஸ் முனையும் இருந்தால் நூறு லிட்டரில் வேலை முடியும். நுரை லொங்காங் வழியாகக் கிந்தா ஆற்றுக்கும், அங்கிருந்து பேராக் ஆற்றுக்கும்தான் போகிறது. வாசலில் புல்தரை இருந்தால் காரை அங்கே நிறுத்திக் கழுவுவது ஆற்றுக்கும் புல்லுக்கும் நல்லது. மிஞ்சிய வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஒரு வாரம் மூலையில் கிடந்தால் ஏடிஸ் கொசு பெருகும், சுகாதார அதிகாரி வந்தால் அபராதம். கார் வாஷ் கடையில் ஸ்னோ வாஷ் பத்துப் பதினைந்து வெள்ளிதான் என்று அப்போது தோன்றும். அந்தக் கடைக்குப் போவதிலும் தப்பில்லை, அங்கே எல்லாக் காருக்கும் ஒரே துணி ஓடாத வரைக்கும்.

கடைசியாக, இன்னொரு வழக்கம். ஆயுத பூஜைக்கும், புது வண்டி எடுத்தவுடனும் காரைக் கோயில் முன் நிறுத்தி, பானட்டில் திருநீறும் சந்தனமும் குங்குமமும் வைத்து, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறோம். அன்று மாலையே பொட்டைத் துடைக்க மனம் வராமல் வாரக்கணக்கில் விட்டுவிடுகிறோம். சந்தனத்தில் கலந்த மஞ்சளின் சாயம் வெயில் பட்டால் தானே வெளுத்துவிடும். கடைக் குங்குமத்தில் கலக்கும் செயற்கைச் சாயம் வெள்ளைக் காரில் இளஞ்சிவப்பாகத் தங்கிவிடும். காய்ந்த சந்தனத்தையும் திருநீற்றையும் துணியால் உரசினால் அதுவும் மணல் போலத்தான். காரின் முன் கண்ணாடியோ மோஸ் அளவில் ஐந்தரை. சந்தனமும் சாயமும் அதை ஒன்றும் செய்யாது. இந்த ஆயுத பூஜைக்கு ஐயரிடம், “சாமி, பொட்டக் கண்ணாடில வைங்க” என்று சொல்லிவிடுங்கள். எந்த ஐயரும் மறுக்கமாட்டார்.